பெரிய சோதனைக்கு முன் ஒரு வெள்ளோட்டம்: எச்.ஐ.வி. ஆய்வுகளில் பைலட் ஸ்டடி எதற்கு?

பெங்களூர் கோரமங்கலாவில் உள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையில் எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை பெற்றுவந்த 150 பேரின் செல்போன்களுக்கு வாரம் ஒரு முறை அழைப்பு வந்தது. எதிர்முனையில் ஆள் இல்லை, பதிவு செய்த குரல்தான். அதோடு வாரம் ஒரு படமும் எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தாலும் எதுவும் பிடிபடாத சாதாரணப் படம். ஆறு மாதம் இப்படிப் போனது. மாத்திரையைச் சரியாகச் சாப்பிடுகிறவர்கள் 85 சதவீதம் இருந்தது 91 சதவீதமாக உயர்ந்தது. அழைப்புகளை நிறுத்தி மேலும் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்த ஏற்றம் குறையவில்லை. 2012ல் இந்த முடிவு வெளியானது.

இரண்டு வருடம் கழித்து, 2014ல், பி.எம்.ஜே. மருத்துவ இதழில் இன்னொரு கட்டுரை வந்தது. அதே யோசனைதான், ஆனால் அளவு பெரிது. தென்னிந்தியாவில் மூன்று சிகிச்சை மையங்கள், 631 பேர். குலுக்கல் முறையில் 315 பேருக்குச் செல்போன் நினைவூட்டல், மீதி 316 பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். 96 வாரம் தொடர்ந்து பார்த்தார்கள். மருந்தை மீறி வைரஸ் மறுபடி தலைதூக்கியது எத்தனை பேருக்கு? 100 பேரை ஒரு வருடம் கவனித்தால் என்ற கணக்கில், நினைவூட்டல் பெற்றவர்களில் 10.52, பெறாதவர்களில் 10.73. நடைமுறையில் வித்தியாசமே இல்லை. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதிலும் பலன் தெரியவில்லை.

அப்படியென்றால் முதல் ஆய்வு பொய்யா? இல்லை. அது சொன்ன எண் சரியாகவே இருக்கலாம். அந்த எண்ணிடம் நாம் கேட்கும் கேள்விதான் தப்பு. கறாராகச் சொன்னால், அந்த 150 பேர் ஆய்வை வழக்கமான பைலட், அதாவது பெரிய சோதனைக்கு முன் நடத்தும் சின்ன முன்னோட்ட ஆய்வு, என்று சொல்ல முடியாது. ஏனென்றால் அதன் முடிவு வருவதற்கு முன்பே, 2010லேயே, பெரிய சோதனையின் திட்டம் அச்சாகிவிட்டது. ஆனாலும் சிறிய ஆய்வு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று புரிந்துகொள்ள, பெங்களூர்க்காரர்களுக்கு இதைவிடப் பக்கத்தில் ஓர் உதாரணம் கிடைக்காது.

முதலில் அடிப்படை. ஒரு மருந்தோ, செல்போன் அழைப்பு மாதிரி ஓர் ஏற்பாடோ பலன் தருகிறதா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால், ஆட்களை இரண்டு பிரிவாகக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்குப் புதியதைக் கொடுத்து, இன்னொரு பிரிவுக்கு வழக்கமானதைக் கொடுத்து, போதுமான காலம் பார்க்க வேண்டும். இதற்குப் பெயர் ராண்டமைஸ்டு கிளினிக்கல் டிரையல். ஆள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வேண்டும். வருடக்கணக்கில் இழுக்கும், செலவு கோடிகளில் போகும். இவ்வளவையும் இறக்கிய பிறகு, பாதி வழியில் ஆளே சேரவில்லை என்றோ, சேர்ந்தவர்கள் திரும்பி வரவில்லை என்றோ தெரிந்தால் பணம் மட்டும் போவதில்லை. நம்பி வந்து ரத்தம் கொடுத்தவர்களின் பங்களிப்பும் வீணாகிறது.

அதனால்தான் முன்கூட்டியே சின்ன அளவில் ஓட்டிப் பார்க்கிறார்கள். கோயிலுக்குப் புதுத் தேர் செய்தால் வெள்ளோட்டம் விடுவோம் இல்லையா? அன்றைக்குச் சாமி தேரில் ஏறாது. சக்கரம் உருள்கிறதா, வடம் தாங்குகிறதா, தெருமுனையில் தேர் திரும்புகிறதா, மேலே கரண்ட் கம்பி இடிக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். பைலட் ஆய்வும் அந்த வேலையைத்தான் செய்கிறது. ‘இந்த மருந்து கேட்குமா?’ என்பது பெரிய சோதனையின் கேள்வி. ‘அந்தப் பெரிய சோதனையை இந்த ஊரில், இந்த ஜனங்களோடு, இந்த வசதிகளை வைத்து நடத்த முடியுமா?’ என்பது பைலட்டின் கேள்வி.

இதை ஃபேஸ் ஒன்று, ஃபேஸ் இரண்டு என்று சொல்லும் மருந்துக் கட்டங்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை மருந்தைச் சோதிக்கின்றன: எவ்வளவு டோஸ், உடம்பு தாங்குமா என்று. பைலட் சோதிப்பது சோதனையின் திட்டத்தையே. மருந்து பழையதாக இருந்தாலும், மருந்தே இல்லாத கவுன்சலிங் திட்டமாக இருந்தாலும் பைலட் தேவைப்படும்.

சரி, நடைமுறையில் எதைப் பார்க்கிறார்கள்?

முதல் விஷயம், ஆள் சேர்ப்பு. எச்.ஐ.வி. ஆய்வில் இது மற்ற நோய்களைப் போல இல்லை. சர்க்கரை நோய் ஆய்வுக்கு மருத்துவமனை வாசலில் போஸ்டர் ஒட்டலாம், வருகிறவர் தெரிந்தவர் கண்ணில் பட்டாலும் கூச்சப்பட மாட்டார். எச்.ஐ.வி.யில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏ.ஆர்.டி. மையத்தை (எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் மையம்) விட்டுவிட்டு, யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஊரின் மறுகோடியில் இருக்கும் மையத்துக்குப் போகிறவர்கள் உண்டு. சிவாஜிநகர் பௌரிங் மருத்துவமனை அல்சூரில் இருப்பவருக்கு நடந்து போகும் தூரம். ஆனால் அந்த வாசலில் நிற்பதைத் தன் தெருக்காரர் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்துக்கு முன்னால் பஸ் செலவு ஒன்றுமில்லை. ஆய்வுக் குழு வரைபடத்தில் வட்டம் போட்டு ‘ஐந்து கிலோமீட்டருக்குள் இத்தனை நோயாளிகள்’ என்று கணக்குப் போட்டால் அந்தக் கணக்கு உதவாது. உண்மையில் யார் எங்கிருந்து வருகிறார்கள் என்பது சில மாதம் வாசலில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

இன்னொரு சிக்கல் இந்தப் பத்து வருடத்தில் வந்தது. முன்பெல்லாம் ரத்தத்தில் சி.டி.4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால்தான் மருந்து ஆரம்பிப்பார்கள். 2017 முதல் இந்தியாவிலும், தொற்று உறுதியான எல்லோருக்கும் உடனே சிகிச்சை என்று ஆகிவிட்டது. ஏழு நாளுக்குள், முடிந்தால் அன்றைக்கே தொடங்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நோயாளிக்கு இது மிக நல்லது. ஆனால் ‘இதுவரை மருந்தே எடுக்காதவர்கள் வேண்டும்’ என்று திட்டமிடும் ஆய்வுக்கு, ஒருவரைச் சந்தித்துப் பேசக் கிடைக்கும் அவகாசம் சில நாள்தான். அந்தச் சில நாளில் அவர் எந்த மனநிலையில் இருப்பார்? ரிசல்ட்டைக் கேட்டு உலகமே இடிந்த மாதிரி உட்கார்ந்திருப்பவரிடம் பதினைந்து பக்கப் படிவத்தை நீட்டி ‘படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்’ என்றால் அவர் எதற்குச் சம்மதிக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? எப்போது பேசுவது, யார் பேசுவது, முதல் நாள் வேண்டாமா, இரண்டாவது கவுன்சலிங்கில் கேட்கலாமா என்பதையெல்லாம் பைலட்டில் முயன்று பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

ஒப்புதல் படிவத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெங்களூர்த் தமிழர்களுக்கு இது நேராகச் சம்பந்தப்பட்டது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017ல் வந்தது, 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. விவரம் சொல்லிச் சம்மதம் பெறாமல் யாரையும் ஆய்வில் சேர்க்கக் கூடாது என்பது அதில் தெளிவாக உண்டு. ஆகவே ஆய்வுக் குழு படிவத்தைக் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி என்று மொழிபெயர்க்கும். ‘உங்கள் தாய்மொழி என்ன?’ ‘தமிழ்.’ உடனே தமிழ்ப் படிவம் கைக்கு வரும். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

மர்ஃபி டவுனிலும் ஸ்ரீராமபுரத்திலும் வீட்டில் தமிழ் பேசி வளர்ந்து, பள்ளியில் கன்னடம் படித்த தலைமுறை இது. தமிழில் கதை பேசுவார்கள், சண்டை போடுவார்கள், சினிமா வசனம் முழுக்க ஒப்பிப்பார்கள். தமிழ் எழுத்து வாசிக்க வராது. அவர்களுக்குத் தேவை கன்னட எழுத்தில் படிவமும், அதைத் தமிழில் வாய்விட்டு விளக்க ஓர் ஆளும். ஆனால் தாய்மொழி, படிவ மொழி இரண்டையும் ஒரே கட்டத்தில் நிரப்பச் சொல்லும் விண்ணப்பத்தில் இதற்கு இடம் இருக்காது. டெல்லியிலோ பாஸ்டனிலோ உட்கார்ந்து திட்டம் எழுதுகிறவருக்கு இது தோன்றவும் தோன்றாது. பைலட்டில் முதல் இருபது பேரிடம் படிவத்தைக் கொடுத்து, ‘நீங்கள் புரிந்துகொண்டதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்’ என்று கேட்டால் முதல் வாரத்திலேயே வெளியே வந்துவிடும்.

இதோடு ஒட்டிய இன்னொரு விதியும் உண்டு. புது மருந்துச் சோதனைகளில், எளிதில் பாதிக்கப்படக்கூடிய நிலையில் உள்ளவர்கள் சம்மதம் தருவதை வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது இந்திய விதிமுறை. ஆனால் எச்.ஐ.வி. மருந்துக்கும் தொழுநோய் மருந்துக்கும் விலக்கு: முகம் பதிவாக வேண்டாம், குரல் மட்டும் போதும். நல்ல விதி. ஆனாலும் மேஜை மேல் ரெகார்டரை வைத்தவுடன் எத்தனை பேர் ‘அப்புறம் வருகிறேன்’ என்று எழுந்து போகிறார்கள் என்பதையும் பைலட்டில்தான் எண்ண முடியும்.

இரண்டாவது விஷயம், சேர்ந்தவர்கள் கடைசிவரை இருக்கிறார்களா என்பது. ஆய்வு மொழியில் ரிடென்ஷன். பொம்மனஹள்ளி கார்மெண்ட் ஃபேக்டரியில் வேலை செய்கிற ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். நிலையாக இருப்பவர்களுக்கு ஏ.ஆர்.டி. மையங்கள் இப்போது பல மாத மாத்திரையை ஒரே தடவையில் கொடுத்துவிடுகின்றன. அவருக்கு அது பெரிய நிம்மதி, ஏனென்றால் ஒவ்வொரு நாள் லீவுக்கும் ஒரு பொய் சொல்ல வேண்டும். அவரை ஆய்வில் சேர்த்து ‘மாதாமாதம் காலை ஒன்பது மணிக்கு வந்து ரத்தம் கொடுங்கள்’ என்றால் முதல் மாதம் வருவார், இரண்டாவது மாதம் வருவார், மூன்றாவது மாதம் போன் ஸ்விட்ச் ஆஃப். குறை அவரிடம் இல்லை, அட்டவணையில் இருக்கிறது. மாதம் ஒன்று என்பதை மூன்று மாதத்துக்கு ஒன்றாக மாற்றலாம், ஞாயிற்றுக்கிழமை கிளினிக் வைக்கலாம், பயணச் செலவை அன்றைக்கே கையில் கொடுக்கலாம். எது உதவும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் சின்ன ஆய்வு.

கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டாலே பாதிப் பிரச்சினை தெரிந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். செயின்ட் ஜான்ஸ் ஆய்விலேயே பார்க்கலாம். எஸ்.எம்.எஸ்.ஸை விடக் குரல் அழைப்புதான் உதவியாக இருந்தது என்று அதிகம் பேர் சொன்னார்கள். இரண்டுமே தொந்தரவாக இல்லை, ரகசியம் வெளியே போகும் என்ற பயமும் இல்லை என்றார்கள். இந்தத் தகவல்கள்தான் இப்படிப்பட்ட சிறிய ஆய்வின் உண்மையான விளைச்சல். தலைப்புச் செய்தியாவது என்னவோ 85, 91 என்ற எண்கள்தான்.

ஆய்வுக்கூட வேலைகளை வேகமாகக் கடந்துவிடலாம். வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்ற பரிசோதனைக்கு எடுத்த ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைக் குறித்த நேரத்துக்குள் பிரித்துக் குளிரில் வைக்க வேண்டும். சில்க் போர்ட் டிராஃபிக்கில் சாம்பிள் பெட்டி மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதும் பைலட்டின் கேள்விதான். படிவத்தில் எந்தக் கட்டம் எப்போதும் காலியாகவே வருகிறது, கம்ப்யூட்டரில் ஏற்றும்போது எது குழம்புகிறது என்பதும் அப்படியே.

இனி எண்களுக்கு வருவோம். பெரிய சோதனைக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிட முன்கூட்டியே சில ஊகங்கள் தேவை. வழக்கமான கவனிப்பில் எத்தனை பேர் நன்றாக இருப்பார்கள்? எவ்வளவு முன்னேற்றம் வந்தால் அது பொருட்படுத்தத் தக்கது? எத்தனை பேர் நடுவில் விலகுவார்கள்?

ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். வழக்கமான கவனிப்பில் 85 சதவீதம் பேர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள், புது ஏற்பாட்டில் 91 சதவீதம் வரும் என்று எதிர்பார்க்கிறோம். இந்த வித்தியாசம் உண்மையிலேயே இருந்தால் அதைப் பிடிக்க 80 சதவீத வாய்ப்பு வேண்டும் என்று வைத்தால், பிரிவுக்குச் சுமார் 460 பேர் தேவை. ஐந்தில் ஒருவர் விலகுவார் என்றால் பிரிவுக்கு 575. மொத்தம் 1,150 பேர். இப்போது நம் மையத்தில் மாதம் 60 புதியவர்கள் பதிவு செய்கிறார்கள், பாதிப் பேர்தான் தகுதி பெறுகிறார்கள், அவர்களில் மூன்றில் ஒருவர்தான் சம்மதிக்கிறார் என்று பைலட்டில் தெரிகிறது. மாதத்துக்குப் பத்துப் பேர். 1,150 பேரைச் சேர்க்க ஒன்பதரை வருடம் ஆகும்! அதற்குள் மருந்தே மாறிவிடும். ஆக, இன்னும் எட்டுப் பத்து மையங்களைச் சேர்க்க வேண்டும், அல்லது இந்தக் கேள்வியையே வேறு மாதிரி கேட்க வேண்டும். இதைச் சில மாதத்தில் சொல்லிவிடும் பைலட் தன் செலவை எப்போதோ ஈட்டிக் கொடுத்துவிட்டது.

இதே கணக்கில் ஒரு கண்ணிவெடியும் இருக்கிறது. எதிர்பார்க்கும் 91 என்ற எண்ணை எங்கிருந்து எடுப்பது? ‘பைலட்டில் வந்ததே’ என்று அதையே எடுத்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர். உண்மையான பலன் 91 இல்லை, 88தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் ஆறிலிருந்து மூன்றாகப் பாதியானதும் தேவைப்படும் ஆட்கள் இரண்டு மடங்கு ஆக மாட்டார்கள். நான்கு மடங்கையும் தாண்டி, பிரிவுக்கு 2,000 பேருக்கு மேல் போய்விடும். 460 பேரோடு ஆரம்பித்தவர்களால் உண்மையாக இருக்கும் பலனைக்கூடக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம்.

சின்ன ஆய்வின் எண் ஏன் இப்படி வழுக்குகிறது? இருபது பேரில் பதினாறு பேர் ஆறு மாதம் நிலைத்தார்கள் என்றால் 80 சதவீதம் என்று எழுதுவோம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் புள்ளியியல் கணக்குப்படி உண்மையான விகிதம் 56 முதல் 94 சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 56 என்றால் சோதனையை மூட்டை கட்ட வேண்டியதுதான், 94 என்றால் கொண்டாடலாம். பக்கவிளைவுக்கும் இதே கதை. முப்பது பேருக்கு மருந்து கொடுத்தோம், ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை என்றால் ‘பாதுகாப்பானது’ என்று சொல்லத் தோன்றும். உண்மையில் பத்தில் ஒருவருக்குப் பிரச்சினை வரக்கூடிய மருந்தாக இருந்தாலும் முப்பது பேரில் அது தென்படாமல் போக வாய்ப்புண்டு. ஒருவருக்கும் வராத நிலையில், மூன்றை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால், பக்கவிளைவு அதிகபட்சம் எத்தனை சதவீதம் பேருக்கு வரக்கூடும் என்ற மேல்வரம்பு கிடைக்கும் என்று ஒரு குறுக்கு வழி உண்டு. 3-ஐ 30 ஆல் வகுத்தால் பத்து சதவீதம். வாட்ஸ்அப்பில் ‘30 பேரில் வெற்றி’ என்று வரும் மருந்துச் செய்திகளை இந்த வகுத்தலோடு படித்தால் ரத்தக்கொதிப்பு குறையும்.

பைலட்டுக்கே எத்தனை பேர் வேண்டும் என்றால், பிரிவுக்கு 12 என்பார்கள், மொத்தம் 30 என்பார்கள். இவையெல்லாம் தோராய விதிகள். விலகுவோர் விகிதத்தைத் தெரிந்துகொள்வதுதான் நோக்கம் என்றால் இருபது முப்பது பேர் போதவே போதாது என்பதை மேலே பார்த்தோம். நோக்கம் எதுவோ அதற்கேற்ற எண்ணிக்கை.

இப்போது முதலில் விட்ட புதிருக்கு வரலாம். 150 பேர் ஆய்வில் ஒப்பிடும் பிரிவு இல்லை, அதே ஆட்களை முன்னும் பின்னும் பார்த்தார்கள். யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தாலே மனிதர் கொஞ்சம் ஒழுங்காக நடப்பார். தவிர அவர்கள் ஏற்கெனவே மருந்தில் இருந்தவர்கள், 631 பேரோ புதிதாகத் தொடங்கியவர்கள். அளவுகோலும் வேறு. அங்கே மீதி மாத்திரையை எண்ணினார்கள், இங்கே முக்கிய அளவுகோல் ரத்தத்தில் வைரஸ்.

மாத்திரை எண்ணுவது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் நடந்த வாய்ஸ் என்ற சோதனையைச் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மருந்தை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்தார்கள், முடிவு 2013ல் வந்தது. வாய்மொழியாகக் கேட்டால் 90 சதவீதம் ஒழுங்கு. திருப்பிக் கொடுத்த மாத்திரையை எண்ணினாலும் ஏறக்குறைய அதே. ரத்தத்தைச் சோதித்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மாதிரிகளில்தான் மருந்து இருந்தது. மருந்து தோற்றதா, சாப்பிடாததால் தோற்றதா? இவ்வளவு பெரிய சோதனை முடிந்தும் அந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் இல்லை. பைலட் கட்டத்தில் ஆட்களை மட்டுமின்றி அளவுகோலையும் சோதிக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் இன்று வலியுறுத்துவதற்கு இது போன்ற அனுபவங்கள்தான் காரணம். ‘சாப்பிட்டீர்களா?’ என்ற கேள்விக்கு ‘ஆமாம்’ என்று சொல்வது நம்மூரிலும் மரியாதையின் ஒரு பகுதிதானே.

வேறோர் ஊரின் வெற்றியை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது என்பதற்கும் இதே செல்போன் கதையில் பாடம் இருக்கிறது. கென்யாவில் 538 பேரிடம் நடந்த சோதனை 2010ல் லான்செட் இதழில் வந்தது. வாரம் ஒரு எஸ்.எம்.எஸ்.: ‘மாம்போ?’, அதாவது ‘எப்படி இருக்கீங்க?’ இரண்டு நாளுக்குள் ‘சாவா’ என்றோ ‘ஷீடா’ என்றோ பதில் போட வேண்டும். முதலாவது நலம், இரண்டாவது பிரச்சினை. பிரச்சினை என்றாலோ பதிலே வராவிட்டாலோ மருத்துவமனையிலிருந்து ஆள் கூப்பிடுவார். ஒழுங்காக மருந்து சாப்பிட்டவர்கள் 50 சதவீதத்துக்கு எதிராக 62. ரத்தத்தில் வைரஸ் அடங்கியவர்களும் அதிகம். அங்கே பலித்தது இங்கே பலிக்கவில்லை. ஒருவேளை இங்கே ஆரம்பமே உயரத்தில் இருந்ததால் ஏறுவதற்கு இடமில்லாமல் இருந்திருக்கலாம். ஒருவேளை திரும்பக் கூப்பிட்ட மனிதக் குரல்தான் அங்கே வேலை செய்திருக்கலாம். எனக்கு இரண்டாவதில் நம்பிக்கை அதிகம், ஆனால் அது ஊகம்தான்.

பைலட் சரியாகப் பயன்பட்ட பெரிய கதையும் உண்டு. கணவன் மனைவியில் ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்து, அவர் சீக்கிரமே மருந்து தொடங்கினால் மற்றவருக்குத் தொற்றாமல் இருக்குமா? எச்.பி.டி.என். 052 என்ற சோதனை இதைக் கேட்டது. ஒன்பது நாடுகள், 1,763 ஜோடிகள். இந்தியாவில் சென்னையும் புனேயும். 2005 ஏப்ரலில் பைலட் கட்டம் தொடங்கியது, முழு அளவில் ஆள் சேர்ப்பு ஆரம்பித்தது 2007ல்தான். இடைப்பட்ட காலம் கிட்டத்தட்ட இரண்டு வருடம். அவசரக்காரர்களுக்கு இது பொறுக்காது. ஆனால் ஒருவரைச் சேர்ப்பதே பாடு என்னும்போது, இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, ஒருவர் நோயை மற்றவருக்குச் சொல்லி, இருவரிடமும் தனித்தனியே சம்மதம் வாங்கி, வருடக்கணக்கில் கூடவே வரவைப்பது சாதாரண வேலையா? 2011ல் முடிவு வந்தது. துணையிடமிருந்தே தொற்றியதென்று உறுதியான 28 பேரில் 27 பேர் மருந்தைத் தாமதமாகத் தொடங்கிய பிரிவு, சீக்கிரம் தொடங்கிய பிரிவில் ஒரே ஒருவர். தொற்று 96 சதவீதம் குறைந்தது. உலகம் முழுக்கச் சிகிச்சைக் கொள்கை மாறியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

பைலட் முடிந்ததும் மேலே போவதா வேண்டாமா என்பதை எப்படி முடிவு செய்வது? ஆரம்பிக்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும். நம் சிக்னல் மாதிரி மூன்று நிறம் வைத்துக்கொள்வது இப்போது வழக்கம். தகுதியுள்ளவர்களில் பாதிக்கு மேல் சம்மதித்தால் பச்சை, மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் சிவப்பு, நடுவில் இருந்தால் மஞ்சள், திட்டத்தைத் திருத்திக்கொண்டு போகலாம் என்பது போல. முடிவு வந்த பிறகு கோடு போட்டால் எல்லாமே பச்சையாகத்தான் தெரியும். சிவப்பு விழுந்து நிறுத்திய பைலட்டைத் தோல்வி என்று ஒளித்துவைப்பதுதான் எனக்குப் பிடிக்காத பழக்கம், அதைப் படித்திருந்தால் வேறு ஊர்க்காரர் அதே குழியில் விழ மாட்டார். பைலட் ஆய்வுகளை எப்படி எழுதி வெளியிட வேண்டும் என்று 2016ல் கன்சார்ட் என்ற வழிகாட்டியில் தனிப் பகுதியே சேர்த்தார்கள். மருந்து பலித்ததா என்று அதில் தீர்ப்புச் சொல்ல முயல வேண்டாம், நடத்த முடிந்ததா என்று சொல்லுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

சின்ன ஆய்வுதானே என்று நெறிமுறையில் சலுகை கிடையாது. எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல் வேண்டும். மருத்துவச் சோதனை என்றால் இந்திய கிளினிக்கல் டிரையல் பதிவேட்டில் பதிவும் வேண்டும். ஏ.ஆர்.டி. மையத்தில் உங்களையோ உங்கள் உறவினரையோ கூப்பிட்டு ‘ஒரு சின்ன ஸ்டடி இருக்கிறது, சேர்கிறீர்களா?’ என்று கேட்டால், இது பைலட்டா பெரிய சோதனையா என்று கேளுங்கள். பைலட் என்றால், மருந்து பலிக்குமா என்ற பதில் இதில் கிடைக்காது என்பதை அவர்களே சொல்ல வேண்டும். எத்தனை தடவை வர வேண்டும், போக வரச் செலவு யார் தருவார், போன் செய்தால் என்ன பெயரில் செய்வார்கள், வீட்டில் வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வார்கள் என்றும் கேட்கலாம். படிவம் வாசிக்க வராத எழுத்தில் இருந்தால் வேறு எழுத்தில் கேளுங்கள், தமிழில் வாய்விட்டு விளக்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்று சொன்னாலும், சேர்ந்து நடுவில் விலகினாலும், மையத்தில் கிடைக்கும் இலவச மருந்து நிற்காது.